மாற்றாள் வரும் வரை

ஆராதனையில் மதிய முறை எனக்கு வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. மறுக்கவும் இல்லை.

திருவிழாவுக்கு முந்திய வாரம் எங்கள் பங்கில் நற்கருணை ஆராதனை நடக்கும். காலைப் பூசை முடிந்ததும் சாமியார் நற்கருணையைக் கதிர்ப்பாத்திரத்தில் வைத்துப் பீடத்தின் மேல் நிறுத்துவார். சுற்றிலும் பித்தளைக் கதிர்கள், நடுவே வட்டமாகக் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாக அப்பம். மாலை ஆசீர் வரை அது அங்கேயே இருக்கும். அதுவரை தெருவாரியான அன்பியக் குழுக்கள் முறை போட்டுக்கொண்டு எதிரே உட்கார வேண்டும். அடுத்த முறைக்காரர்கள் வந்து முழங்கால் போட்ட பிறகுதான் முந்தைய முறைக்காரர்கள் எழுந்திருக்கலாம். இடையில் ஆண்டவரைத் தனியாக விடக் கூடாது. சிறு பிள்ளையிலிருந்து கேட்டு வளர்ந்த சட்டம்.

எங்கள் அன்பியத்தின் தலைவி டெய்சி அக்கா. வாசலில் நின்றபடியே பேசினார். காலையிலும் சாயங்காலமும் ஆள் இருக்கிறது, மதியத்துக்குத்தான் இல்லை என்றார். சமையல், பிள்ளைகள், கடை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம்.

"ஒங்களுக்குன்னா தம்பி, வீட்டுல..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். முகம் மாறிவிட்டது.

வீட்டில் யாரும் இல்லை, வருகிறேன் என்று நானே முடித்து வைத்தேன்.

ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. கோயிலில் சாரம் கட்டி வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்த வருடம் ஆராதனையை ஊருக்கு வெளியே, செம்பட்டி சாலையில் இருக்கும் சிற்றாலயத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஆத்தூர் அணைக்குப் போகும் வழி அது. அந்த வாரம் அணைக்குப் போவதென்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். திரும்பி வரும் உத்தேசம் இல்லை. வழியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் டெய்சி அக்காவுக்குச் சொன்ன சொல்லும் தவறாது. அவ்வளவுதான் கணக்கு.

என் மனைவி ஷைனி கோடையில் இறந்துபோனாள். காய்ச்சல். கல்யாணமாகி இரண்டாவது வருடம். அதற்கு மேல் சொல்ல என்னிடம் வாக்கியங்கள் இல்லை. பாலிடெக்னிக்கில் இயற்பியல் எடுக்கிறேன். வகுப்பில் பேச்சு வரும். வீட்டுக்கு வந்தால் வராது. பேசுவதற்கு ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை வருகை எடுக்கும்போதுதான் என் குரலை நான் கேட்பேன்.

முப்பதாம் நாள் பூசை வரை வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் வீடு இருக்கிறது. ஜெபமும் அதே சமயத்தில்தான் நின்றுபோனது. கோபமெல்லாம் இல்லை. யாரும் எடுக்காத போனை எவ்வளவு நேரம் காதில் வைத்துக்கொண்டிருப்பது.

என் முறை நாளன்று, சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். போனை மேசை மேல் வைத்தேன். பைக்கை எடுத்தேன்.

காற்றே இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் தென்னை மட்டைகள் தொங்கின, ஒன்றும் அசையவில்லை. மேற்கே கொடைக்கானல் மலை இருக்க வேண்டிய இடத்தில் மலை இல்லை. கறுப்பாக ஒரு சுவர் நின்றது. வெங்காயக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையைப் பாதியில் விட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சாலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் போகும் திசையில் வேறு யாரும் போகவில்லை. ஐப்பசி மழை. அணைக்குத் தண்ணீர் வரும் என்று நினைத்தேன். நல்லதுதான் என்றும் நினைத்தேன்.

சிற்றாலயம் ஒற்றை அறை. முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் இறக்கிய தாழ்வாரம். பூட்டுக்குப் பேர்போன ஊரில் அந்தக் கதவுக்கு ஒழுங்கான தாழ்ப்பாள் கூட இல்லை. நான் உள்ளே போய் முழங்கால் போட்டதும், முந்தைய முறையில் இருந்த இரண்டு வயதான அம்மாக்கள் எழுந்து போனார்கள். வெளியே ஷேர் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

உபதேசியார் பவுல்ராஜ் அண்ணன் மெழுகுவர்த்தியைச் சரிசெய்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தார். கோயிலுக்கும் சாமியாருக்கும் எல்லா வேலையும் செய்பவர் அவர்தான். சாமியார் பக்கத்து ஊரில் ஒரு அடக்கத்துக்குப் போயிருப்பதாகவும், தான் பூ மார்க்கெட்டுக்குப் போய்ப் பீடத்துக்குப் பூ வாங்கி வந்துவிடுவதாகவும் சொன்னார்.

"அடுத்து ராயப்பராஜ் வீட்டுல. குடும்பத்தோட வாராங்க. அவங்க முட்டி போட்டதும் நீ கெளம்பிரு. நடுவுல எந்திரிச்சுறாதப்பா."

சரி என்றேன். அவருடைய வண்டிச் சத்தம் ஊர்ப் பக்கமாகத் தேய்ந்து மறைந்தது.

பாயில் உட்கார்ந்தேன். எதுவும் தோன்றவில்லை. ஒரு செய்தியாக மட்டும் சொன்னேன், உதட்டுக்குள்: இது முடிந்ததும் அணைக்குப் போகிறேன். பதிலை எதிர்பார்க்கவில்லை. வரவும் இல்லை. மெழுகுவர்த்திகள் இரண்டும் வரைந்து வைத்தது போல ஆடாமல் எரிந்தன. வெளியே காகங்கள் கத்திக்கொண்டிருந்தன. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் நிறுத்திவிட்டன.

என் நேரம் முடிந்தது. யாரும் வரவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். ராயப்பராஜ் அண்ணன் டயர் கடை வைத்திருக்கிறார். குடும்பம் பெரியது. எங்கே போனாலும் தாமதமாகத்தான் வருவார்கள், ஆனால் வந்துவிடுவார்கள். வரவில்லை. உள்ளே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. குழல்விளக்கு அணைந்தது, கரண்ட் போய்விட்டது. மேற்கே இடி இல்லை. ஒரு உறுமல், லாரி மேடேறுவது போல, நிற்காமல்.

எழுந்து வாசலுக்குப் போனேன். சாலை இரண்டு பக்கமும் காலி. பைக் பத்தடியில் நின்றது. சாவி பையில் இருந்தது. ஒரு கால் வெளியே வைத்திருப்பேன். அப்போதுதான் காற்று வந்தது. அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மொத்தமாக வந்தது. கதவு என் தோளில் அடித்தது. பீடத்துத் துணி எழும்பியது. ஒரு மெழுகுவர்த்தி அணைந்தது. மற்றது படுத்துப் படுத்து எழுந்தது.

திரும்ப ஓடிப்போய்த் துணியைப் பிடித்தேன். மெழுகுவர்த்தியை மற்றதிலிருந்து ஏற்றினேன். கதவைச் சாத்தினால் நிற்கவில்லை. மூலையில் கிடந்த பெஞ்சை இழுத்துக் கதவோடு போட்டு, கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். மழை விழ ஆரம்பித்தது. ஆஸ்பெஸ்டாஸில் சரளைக் கல் கொட்டும் சத்தம்.

யோசித்துப் பார்த்தால் கேலிக்கூத்து. சாகப் போகிறவனுக்கு என்ன முறை, என்ன மாற்றாள். விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு யார் வந்து என்னைக் கேட்கப்போகிறார்கள். ஆனால் நற்கருணையை எடுத்து, அதை வைக்கும் பெட்டியான பேழைக்குள் வைத்துச் சாத்தச் சாமியாருக்குத்தான் உரிமை, எனக்கு இல்லை. அப்படியே விட்டுப் போனால் கதவு திறந்துகொள்ளும். நனைந்த நாய்கள் உள்ளே வரும். பாத்திரம் சாய்ந்து விழும். அதுகூட இரண்டாவதுதான். யாரும் இல்லாத அறையில், இந்த இருட்டில், அதைத் தனியாக நிறுத்திவிட்டுப் போக என்னால் முடியவில்லை. தனியாக இருப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்காவது தெரியாமல் இருக்கலாம்.

மழை விடட்டும், யாராவது ஒருவர் வரட்டும் என்று இருந்தேன். அணை எங்கேயும் போய்விடாது.

யாரோ கதவைத் தட்டினார்கள். ராயப்பராஜ் அண்ணன் என்று நினைத்துப் பெஞ்சை நகர்த்தினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பொன்னுத்துரை. சிற்றாலயத்துக் கிணற்றிலிருந்துதான் அவருடைய தோட்டத்துக்குத் தண்ணீர்; அந்தப் பழக்கத்தில் திருவிழாவுக்கும் வருவார், அப்படி அறிமுகம். தலையில் யூரியா சாக்கு. தாழ்வாரத்தில் அவருடைய ஆடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. மழை வெறிக்கும்வரை நின்றுகொள்ளலாமா என்று கேட்டார். உள்ளே வரச் சொன்னேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றார்.

எனக்கு வழி கிடைத்துவிட்டது என்று பட்டது.

"அண்ணே, செத்த நேரம் இங்க உக்காந்துக்கிறீங்களா? நா கெளம்பணும். அடுத்த ஆளு இப்ப வந்துருவாங்க."

"இந்த மழையில எங்க போறீக?"

"ஆத்தூர் டேமுக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அணைக்கு மேலே நேற்றே மழை பிடித்துவிட்டது, செந்தண்ணீர் மரம் மட்டையோடு இறங்கி வருகிறது என்றார். நேற்று அவருடைய சொந்தக்காரர் வீட்டு மாடு ஒன்று போய்விட்டதாம். கண்ணெதிரே போயிற்றாம். கயிறு மட்டும் கையில் நின்றதாம்.

"ஆளு போனாலும் அம்புட்டுத்தான். அங்க என்ன வேல ஒங்களுக்கு?"

ஒரு வேலை இருக்கிறது என்றேன். அவர் சாக்கை உதறித் தோளில் போட்டார். பீடத்தைக் காட்டி, இருப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை, ஆனால் உங்கள் சாமிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தனக்குத் தெரியாதே என்றார்.

"செய்ய ஒண்ணும் இல்லண்ணே. சும்மா கூட இருந்தாப் போதும்."

"சும்மா இருக்கறதுக்கு எதுக்குங்க ஆளு மாத்தணும்? நீங்களே இருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். "எனக்கு ஆடு நிக்கிது. வீட்டுல கத்துவா."

மழை ஒரு பிடி தளர்ந்ததும் சாக்கைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆடுகளின் கத்தல் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு மழை முன்னைவிடப் பலமாகப் பிடித்துக்கொண்டது. பெஞ்சைத் திரும்பக் கதவோடு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இருட்டில் பித்தளைக் கதிர்கள் மட்டும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தெரிந்தன. நடுவில் அந்தக் கண்ணாடி.

நான் அவரிடம் சொன்ன வார்த்தை எனக்கே திரும்பக் கேட்டது. சும்மா கூட இருந்தால் போதும்.

ஷைனி ஆஸ்பத்திரியில் இருந்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் என்னை விடவில்லை. கதவில் சிறிய கண்ணாடி ஒன்று இருந்தது. அதற்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து பார்ப்பேன். அவளுடைய பாதத்தை மூடிய போர்வையின் முனை மட்டும் தெரியும். உட்காருவேன். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வா என்று எல்லாரும் சொன்னார்கள். நீ இங்கே இருந்து என்ன செய்யப்போகிறாய் என்றார்கள். நியாயமான கேள்வி. நான் எதுவும் செய்யவில்லை. செய்ய முடிந்திருந்தால் செய்திருப்பேன். நான் இருப்பது அவளுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன. நான் அங்கேதான் இருந்தேன். கடைசி வரை எழுந்து போகவில்லை.

அவள் இறந்த பிறகு என்னை அரித்தது அதுதான். அத்தனை நேரம் உட்கார்ந்தது வீண். ஒன்றுக்கும் உதவவில்லை.

இப்போது அதே மாதிரி ஒரு கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அசையாமல், பேசாமல், எனக்காக ஒரு விரலைக்கூடத் தூக்காமல் அவர். இத்தனை மாதமாக அவரிடம் நான் வைத்த குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று: நீர் ஒன்றும் செய்யவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் எல்லாரும் சொன்னதும் அதேதான்.

நான் வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன். யார் இழுத்தாலும் போயிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். அப்படியானால், சாத்திய கதவுக்குள் நான் கிடந்த அந்த சனி ஞாயிறுகளில், எனக்குத் தெரியாமல், கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்.

குரல் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் எதுவும் வரவில்லை. மழைதான் பெய்தது. ஆனால் அறையில் நான் தனியாக இல்லை. அதைத் தெளிவாகச் சொல்ல முடியும். ஒரு வீட்டுக்குள் நுழையும்போதே, சத்தம் இல்லாவிட்டாலும், உள்ளே ஆள் இருப்பது தெரியுமே, அந்த மாதிரி. ஷைனி உள்ளறையில் தூங்கினாலும் எனக்கு அப்படித் தெரிந்திருக்கிறது.

அவள் இறந்த பிறகு நான் சரியாகத் தூங்கியதில்லை. கதவில் சாய்ந்தபடியே எப்போது கண் மூடினேன் என்று தெரியாது. காவல் இருக்கவேண்டியவன் தூங்கிவிட்டேன். விழித்தபோது கழுத்து பிடித்திருந்தது. முதுகுப் பக்கம் சட்டை கதவுச் சாரலில் நனைந்திருந்தது. மழை சத்தம் சிறுத்திருந்தது. மெழுகுவர்த்திகள் அடிமட்டத்துக்கு வந்திருந்தன. கண்ணாடிக்குள் வெள்ளை வட்டம் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தூங்கிய நேரத்தில் முறை மாறியிருந்தது.

அதன் பிறகு கதவை யாரோ வெளியிலிருந்து தள்ளினார்கள். பவுல்ராஜ் அண்ணனின் குரல். பெஞ்சை நகர்த்தினேன். அவர் கையில் பூக் கூடை, பின்னால் ராயப்பராஜ் அண்ணன், அவர் மனைவி ஜெயமேரி அக்கா, பிள்ளைகள். எல்லாரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். பவுல்ராஜ் அண்ணன் நேராகப் பீடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு மூச்சு விட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"இருந்தியாப்பா" என்றார்.

நடந்ததை அவரே சொன்னார். ராயப்பராஜ் குடும்பம் வழக்கம்போல ஊருக்குள் இருக்கிற கோயிலுக்குப் போய்விட்டது. இடம் மாறியதைப் போன ஞாயிறு பூசையில் அறிவித்தார்கள். அறிவிப்பின்போதுதான் அவர்கள் எப்போதும் வெளியே போய் வண்டியை எடுப்பார்கள். சாரத்துக்கு அடியில் புகுந்து, வர்ணம் பூசுகிறவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு, பேழைக்கு முன்னால் வரிசையாக முட்டி போட்டு முழு ஜெபமாலையும் சொல்லியிருக்கிறார்கள். பேழை காலி. பீடத்தில் பாத்திரம் இல்லையே, பேழைக்குள் ஆண்டவர் இருந்தால் எரியும் சிவப்பு விளக்கும் எரியவில்லையே என்று கடைக்குட்டி கேட்டதற்கு, வேலை நடப்பதால் உள்ளே வைத்துச் சாத்தியிருக்கிறார்கள், வாயை மூடிக்கொண்டு ஜெபி என்று தலையில் ஒரு குட்டு. பூ மார்க்கெட்டிலிருந்து வந்த பவுல்ராஜ் அண்ணன் மழைக்கு அங்கே ஒதுங்கிப் பார்த்தபோது, இவர்கள் கைவிரித்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்களாம். பிறகு ரயில்வே பாலத்துக்கு அடியில் தண்ணீர் நின்று யாரும் இந்தப் பக்கம் வர முடியவில்லை. தண்ணீர் முழங்காலளவுக்கு வடிந்ததும் இவர்கள் இறங்கிக் கடந்திருக்கிறார்கள். அடுத்த முறைக்காரர்கள் இன்னும் அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள். சாமியார் ஆசீருக்கு வந்துகொண்டிருக்கிறார்.

"காலிப் பெட்டிக்கு முன்னாடி அம்புட்டு உருக்கமா ஜெபிச்சது ஒலகத்துலயே நாங்கதான் அப்பு" என்றார் ராயப்பராஜ் அண்ணன், தலையைத் துவட்டிக்கொண்டே.

"இவரு கண்ணுல தண்ணி வேற" என்றார் ஜெயமேரி அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சுக்குள் எங்கோ வலித்துக்கொண்டு வந்தது. அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்கள் முழங்கால் போட்டார்கள். என் முறை முடிந்தது. பவுல்ராஜ் அண்ணன் தோளில் தட்டி, வீட்டுக்குப் போய்த் துணியை மாற்று என்றார். இரண்டு முழங்காலும் தரையில் பட வணங்கிவிட்டு வெளியே வந்தேன்.

மழை தூறலாக இருந்தது. சாலை கழுவிவிட்டது போலக் கறுப்பாகக் கிடந்தது. மேற்கே வானம் இன்னும் திறக்கவில்லை. தூரத்தில் தண்ணீர் ஓடும் இரைச்சல் கேட்டது, எந்த ஓடையோ. இடது பக்கம் திரும்பினால் ஆத்தூர். இப்போது என்னைப் பிடித்து வைக்க எந்தச் சட்டமும் இல்லை. மாற்றாள் வந்தாயிற்று.

பைக்கில் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். போகவேண்டும் என்ற எண்ணம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது அங்கேதான் இருந்தது, நனைந்த நாய் மாதிரி, வண்டியை எடுத்தால் பின்னால் ஓடிவரத் தயாராக. வீட்டுப் பக்கம் திரும்பினாலும் அது வரும். சாத்திய கதவுக்குள் அதுவும் நானும் இருப்போம். உள்ளே எனக்குக் கிடைத்தது பொய்யில்லை. ஆனால் இன்று ராத்திரியை அதை மட்டும் வைத்துக்கொண்டு நான் தாண்டிவிடுவேன் என்று என்னை நானே நம்பவில்லை. கை ஸ்டார்ட்டர் மேல் இருந்தது.

சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். உள்ளே போய் பவுல்ராஜ் அண்ணனைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டேன். அவர் பூவைக் கட்டிக்கொண்டிருந்த நாரோடு வந்தார்.

"அண்ணே, நா வீட்டுக்குப் போறதா இல்ல. ஆத்தூர் டேமுக்குப் போறதா இருந்தேன். முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் இங்க வந்தேன்."

அவர் நாரைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். புரிந்துவிட்டது. உதடு ஒருமுறை அசைந்தது, ஏதோ சொல்ல. பாவம், புண்ணியம், ஏதாவது. சொல்லவில்லை.

"இப்பவும் அப்படித்தான் இருக்கா?"

"இருக்கு. கொஞ்சம் கொறஞ்சிருக்கு. தனியா விட்டீங்கன்னா போயிருவேன்னு பயமா இருக்கு."

"சாவியக் குடு."

கொடுத்தேன். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இன்றைக்குத் தன் வீட்டில் படுக்கை, நாளைக்கும் அங்கேதான், காலையில் இருவரும் போய் டாக்டரைப் பார்க்கலாம், தன் தங்கச்சி மகனைக் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர் ஒருவர் இருக்கிறார், நல்லவர், கத்த மாட்டார் என்றார். சாமியாரிடம் தானே சொல்லவா, நான் சொல்கிறேனா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். என் முழங்கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

உள்ளே ஜெயமேரி அக்கா பாட்டை ஆரம்பித்திருந்தார். சுதி எங்கேயோ போனது. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். எங்களைப் பார்த்ததும் ராயப்பராஜ் அண்ணன் பாட்டை விடாமல், ஈர வேட்டியைச் சுருட்டிக்கொண்டு பாயில் ஒதுங்கினார். அவருக்கும் பவுல்ராஜ் அண்ணனுக்கும் நடுவே உட்கார்ந்தேன்.